எங்க தெருத் தண்ணி போற வழி

இந்த எபிசோட் ஒரு படகுப் பயணத்தைப் பத்தி. ஒரு நாள் முழுக்கப் படகுல போகணும்னு கிளம்பி, ஒரு மணி நேரத்துல திரும்பி வந்த ஆறு பேரோட கதை.

ஆரம்பிச்சு வச்சது எங்க சிட்லபாக்கம் நண்பர்களோட வாட்ஸ்அப் குரூப். ஒருத்தன் ஒரு விஷயம் போட்டான். 1934-ல பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமின்னு ஒரு நண்பர் கூட்டம், முழுநிலா ராத்திரியில சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகுலயே போயிருக்காங்க. அந்தப் பயணத்தை வச்சு பாரதிதாசன் எழுதின கவிதைக்குப் பேரு 'மாவலிபுரச் செலவு'. குரூப்ல வந்த முதல் பதில், "தலைக்கு எவ்வளவுடா?" பழந்தமிழ்ல செலவுன்னா பயணம்னு அவனுக்குப் புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

அவங்க போனது கடல் வழியா இல்ல, பக்கிங்காம் கால்வாய் வழியா. 1806-ல பேசில் காக்ரேன்ங்கிற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டினதுதான் இதோட தொடக்கம். அப்புறம் வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, ஆந்திராவுல ஆரம்பிச்சு மரக்காணம் வரைக்கும் சுமார் 420 கிலோமீட்டர் ஆச்சு. நடுவுல கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்தது. அதை வெட்டினது 1876-78 பெரும் பஞ்சத்துல வயித்துக்கு இல்லாம வந்த ஜனங்க, நிவாரணக் கூலிக்கு. ஆனா கால்வாய்க்குக் கிடைச்ச பேரு அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் கோமகனோடது. விறகு, உப்பு, நெல்லுன்னு சென்னைக்குச் சரக்கு இதுலதான் வந்துட்டு இருந்தது.

"நாமளும் போலாம் மச்சான்"னு எல்லாரும் குதிச்சோம். ஆனா எங்க ஏறுறது? நகரத்துக்குள்ள அந்தக் கால்வாய் மேலயே பறக்கும் ரயில் தூண்கள் நிக்குது. வேளச்சேரியில ரயில் ஏறி பீச்சுக்குப் போறப்போ ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா கறுப்பா ஒரு தண்ணி தெரியுமே, அதுதான் பாரதிதாசன் காலத்துல படகு ஓடின கால்வாய்.

அதனால கடைசியில முட்டுக்காடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில மூணு பைக்ல மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா ஈசிஆர் பிடிச்சுப் போயிட்டோம். 1984-லயிருந்து சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்க படகு விடுது. மாமல்லபுரம் வரைக்கும் போக முடியுமான்னு கேட்டதுக்கு, சீட்டு கிழிக்கிறவர் சிரிச்சுட்டார். சரி, ஒரு மோட்டார் படகை வாடகைக்கு எடுத்து லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு ஏறினோம்.

நல்லாத்தான் இருந்தது. காத்து, கொக்கு, ஆளுக்கு நாப்பது செல்ஃபி. ஒருத்தன் மட்டும் வாயே திறக்கல. "படகுன்னா பயமாடா?"ன்னு கலாய்ச்சோம். அவன் கலாய்க்கு மசியாம படகுக்கார அண்ணன்கிட்ட கேட்டான்: "அண்ணே, மழைக்காலத்துல இங்க தண்ணி எங்கிருந்து வருது?"

அவர் வடக்கே கை காட்டினார். "பள்ளிக்கரணை தண்ணி பூரா இப்படித்தான் தம்பி வருது. முகத்துவாரத்துல மணல் மேடு அடைச்சிருந்தா கடலுக்குள்ள போகாது. கடல் ஏறி இருந்தாலும் வாங்காது. பின்னாடியே நிக்கும்."

அதுக்கப்புறம் யாரும் செல்ஃபி எடுக்கல. ஏன்னா அவன் வீடு தரைத்தளம். 2015 டிசம்பர்ல ஏரி நிரம்பி, அவன் வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. அரிசி மூட்டை, பீரோவோட கீழ்த்தட்டு, அவனோட மார்க் ஷீட், எல்லாம் போச்சு. நாங்க எல்லாரும் போய் வாளி வாளியா வெளிய ஊத்தினோம். அப்போ அவன் அம்மா கேட்டாங்க: "ஊத்துறீங்க, ஊத்துறீங்க. இது எங்கடா போகும்?" யாருக்கும் பதில் தெரியல. தெருவுலதான் ஊத்தினோம், திரும்ப உள்ளேயே வந்துச்சு.

படகுலேர்ந்து இறங்கி, ஒரு டீக்கடையில உக்காந்து போன்ல மேப்பைத் திறந்தோம். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினா செம்பாக்கம் ஏரிக்கு. அங்கிருந்து ஏரி ஏரியா இறங்கி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. அதுலேர்ந்து ஒக்கியம் மடுவு. துரைப்பாக்கத்துல ஓஎம்ஆர்ல பாலம் தாண்டுறோமே, அதுக்குக் கீழ. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்.

ஒக்கியம் மடுவுலேர்ந்து கிழக்கே பார்த்தா கடல் ரொம்பப் பக்கம். ஆனா நடுவுல மணல் மேடு, அது மேல வீடுகள். நேரா போக வழி இல்ல. தண்ணி கால்வாய்ல தெற்கே திரும்பி, பத்து கிலோமீட்டருக்கு மேல நடந்து, நாங்க செல்ஃபி எடுத்த அதே முட்டுக்காட்டுல வந்துதான் கடலைப் பார்க்கணும். பள்ளிக்கரணைக்கு 2022-ல ராம்சார் அங்கீகாரம் கிடைச்சது நல்ல செய்திதான். ஆனா அதுக்குள்ள குப்பைமேடு, ரோடு, கட்டடம்னு அதோட பெரும்பகுதி போயிடுச்சு. தண்ணி தங்குற இடமும் சுருங்கி, போற வழியும் சுருங்கினா, பின்னாடி நிக்கிறது எங்க தெருதான்.

நான் இதுவரைக்கும் வெள்ளம்னா எங்க ஏரியா பிரச்சினைன்னுதான் நினைச்சிருந்தேன். ஏரியைத் தூர் வாரிட்டா சரியாயிடும்னு. ஏரி முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா வழி முட்டுக்காடு வரைக்கும் திறந்திருக்கணும். ஒரு காலத்துல படகு போற அளவுக்குத் திறந்திருந்த வழி அது. இனிமே மழைக்கு முன்னாடி எங்க ஏரியை மட்டும் இல்ல, முட்டுக்காடு முகத்துவாரத்துல மணல் அள்ளினாங்களான்னும் கேப்போம்னு முடிவு பண்ணியிருக்கோம். நீங்களும் மேப்பைத் திறந்து உங்க தெருத் தண்ணி எங்க போகுதுன்னு ஒரு தடவை பாருங்க.

அன்னிக்கு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மாகிட்ட மேப்பைக் காட்டி, விரலை வச்சு, ஏரியிலேர்ந்து கடல் வரைக்கும் இழுத்துக் காட்டினான். "அம்மா, நீ கேட்டியே, இதுதான் போற வழி."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இவ்வளவு தூரமாடா? அதான் வடியறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு"ன்னாங்க. அப்புறம் டீ போட எழுந்து போனாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.