ஒரே தேர்வை நம்பி வளர்ந்தவர்கள்



நியூயார்க் நகரத்தில், புரூக்ளின் பக்கம், ஃப்ளாட்புஷ் என்றொரு வட்டாரம். ஜமைக்கா, டிரினிடாட், பார்படாஸ், ஹெய்ட்டி என்று கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் நெருங்கி வாழும் இடம். 2017-இல் அதன் ஒரு பகுதிக்கு ‘லிட்டில் கரீபியன்’ என்றே பெயர் வைத்தார்கள். குவீன்ஸில் ரிச்மண்ட் ஹில் பக்கம் போனால் கயானாக்காரர்கள். அவர்களில் சிலருடைய முன்னோர், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்கள்.

நர்ஸாகவும், முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவராகவும், பஸ் ஓட்டுநராகவும் இரவு பகல் உழைக்கிற இந்தக் குடும்பங்களில், பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த நகரத்தின் பெரிய பள்ளிகள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. தொகையைக் கேட்டதும் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கென்று அந்தப் பள்ளிகளே ஒதுக்கி வைத்திருக்கும் நிதியுதவி உண்டு. அது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் தேதி தவறாமல் கேட்டால்.

கேட்பதற்கு ஏன் இத்தனை தயக்கம்? அவர்கள் வளர்ந்த விதம் அப்படி. தீவுகளில் பதினோரு வயதில் ‘காமன் என்ட்ரன்ஸ்’ என்று ஒரு தேர்வு. ஆங்கிலேயர் விட்டுப்போன வழக்கம். மதிப்பெண் வந்தால் பேர்போன பள்ளியில் இடம், வராவிட்டால் கிடையாது. ஜமைக்காவில் 1999-லும் டிரினிடாட்டில் 2001-லும் அதற்குப் பதிலாக வேறு தேர்வு கொண்டுவந்தார்கள். ஒரு தேர்வில்தான் எல்லாம் என்கிற மனப்பழக்கம் மாறவில்லை. “நீ படி, மிச்சம் தானாக வரும்” என்று சொல்லித்தான் பிள்ளையை வளர்க்கிறார்கள்.

நியூயார்க்கில் மிச்சம் தானாக வராது. இங்கேயும் எஸ்.எஸ்.ஏ.டி., ஐ.எஸ்.இ.இ. என்று நுழைவுத் தேர்வுகள் உண்டு. ஆனால் அவை ஒரு பங்குதான். ஆசிரியரின் கடிதம் வேண்டும். பள்ளியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். “உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள்” என்று பெற்றோரிடம் ஒரு தாளைக் கொடுப்பார்கள். பிள்ளைக்கு நேர்காணல் நடக்கும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வாய் திறக்காதே என்று பழக்கப்பட்ட பிள்ளை, கேட்ட கேள்விக்கு மரியாதையாக ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். எதிரே இருப்பவர், இந்தப் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடக்கூடும். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல வளர்ப்பே அந்தப் பிள்ளைக்குக் குறையாகிப் போகிறது.

இந்தக் குடும்பங்களுக்கு உதவ நினைப்பவர் பிள்ளையின் மரியாதையைக் கலைக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு, படித்த கதையைப் பற்றியோ, கிரிக்கெட்டைப் பற்றியோ, பாட்டி வீட்டைப் பற்றியோ அரைமணி நேரம் பேசப் பழக்கினால் போதும். பெற்ற பிள்ளையின் நல்ல குணத்தை எழுதுவது தற்பெருமை ஆகாது என்று தாய்க்கும் தகப்பனுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

ஷெர்லி சிஸம் என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். புரூக்ளினில் பிறந்து, சிறு வயதில் பார்படாஸில் பாட்டியிடம் வளர்ந்தவர். அங்கே கண்டிப்பான பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு நியூயார்க் திரும்பியபோது, அமெரிக்க வரலாறும் புவியியலும் தெரியவில்லை என்று கீழ் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், தீவிலிருந்து வரும் மதிப்பெண் பட்டியலை வெறுமனே நீட்டக் கூடாது. அங்கே என்ன பாடத்திட்டம், எத்தனை கடினம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இணைக்க வேண்டும்.

அடுத்து, நிதியுதவி கேட்பதற்கான நிதிநிலைப் படிவம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்குப் படிவத்தில் தனிக் கட்டம் இல்லாவிட்டால் என்ன செய்வது? நம் ஊர்ச் சீட்டு மாதிரி, ஜமைக்காக்காரர்கள் ‘பார்ட்னர்’ என்றும் டிரினிடாட்காரர்கள் ‘சூசூ’ என்றும் கட்டுகிற பணத்தை எப்படிக் காட்டுவது? மறைக்கவும் வேண்டாம், மலைக்கவும் வேண்டாம். தனிக் கடிதமாக எழுதி வைக்கலாம். விண்ணப்பக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும்கூட விலக்குக் கேட்கலாம்.

பிள்ளைகளைத் தேடிப்பிடித்துத் தயார் செய்யும் அமைப்புகளும் உண்டு. 1978-இல் தொடங்கிய ‘பிரெப் ஃபார் பிரெப்’ அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் பாடம் நடத்துகிறது. 1984-இல் தொடங்கிய ‘ஆலிவர் ஸ்காலர்ஸ்’ கறுப்பின, லத்தீன் பிள்ளைகளுக்கானது. ஐந்தாம் வகுப்பிலேயே விசாரிக்காவிட்டால் இந்த வாசல்களில் சில மூடிவிடும்.

எல்லாப் பிள்ளைக்கும் தனியார் பள்ளிதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் தன் நிறத்தில் ஒரு பிள்ளைகூட இல்லாத தனிமை இருக்கிறதே, அது சின்ன பாரம் அல்ல. ஃப்ளாட்புஷிலிருந்து பிராங்ஸ் பகுதியில் உள்ள பள்ளி வரை ரயிலில் போய்வரும் களைப்பு வேறு. பள்ளியைப் பார்க்கப் போகும்போதே அங்கே படிக்கும் கரீபியன் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். பள்ளிக்காரர்கள் ஏற்பாடு செய்யக்கூடும்.

பதில் கடிதம் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். இடம் கிடைத்த சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். புத்தகம், கணினி, சுற்றுலாச் செலவு எல்லாம் உதவித்தொகையில் சேருமா என்று கேளுங்கள். இடையில் வேலை போயிருந்தால், தொகையைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி எழுதுங்கள். இந்த உதவிக்கு ஆண்டுதோறும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கடைசித் தேதியையும் அன்றைக்கே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.