கடல் விட்டுப் போன ஊர்கள்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில், ஒருநாள் பயணம் சென்று வந்தோர் சார்பில் நிகழ்த்திய உரை)



பொன்விழாவையொட்டி ஒருநாள் பயணம் என்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசித்தபோது, வேளாங்கண்ணிக்கா, பூண்டிக்கா என்றுதான் பலரும் கேட்டீர்கள். ஆதிச்சநல்லூர், கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்று சொன்னவுடன் பெயர் கொடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போய்விட்டார்கள். "கொற்கைக்கு எதற்கு பஸ்? அங்கே வாழைத் தோட்டம்தானே இருக்கிறது!" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னது முழுக்க உண்மை. வாழைத் தோட்டம்தான் இருக்கிறது. அந்தத் தோட்டம் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் நாங்கள் இந்த மேடைக்கு வந்திருக்கிறோம்.

காலைத் திருப்பலி முடிந்து புறப்பட்டோம். வழிகாட்டியாக நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் வந்தார். பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் "வாத்தியார்" என்றே சொல்லுகிறோம். பஸ்ஸில் ஏறியதும் அவர் போட்ட முதல் உத்தரவு: "ஆற்றை விட்டு என் கண்ணைத் திருப்ப மாட்டேன். நீங்களும் திருப்பாதீர்கள்." தாமிரபரணியைத்தான் சொன்னார். அது ஏன் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

முதலில் ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரையில் ஒரு மேட்டுநிலம். 114 ஏக்கர் பரப்பு முழுவதும் இடுகாடு. 1876 இல் பெர்லினிலிருந்து ஜாகர் என்ற அறிஞர் வந்து தோண்டிக் கிடைத்தவற்றை ஜெர்மனிக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டி, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பாத்திரங்களையும் இரும்பு வாள்களையும் வெளிக்கொணர்ந்தார். மத்தியத் தொல்லியல் துறையினர் 2004 ஆம் ஆண்டிலும், மீண்டும் 2021 இலும் தோண்டினார்கள். இப்பொழுது அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, 2023 ஆகஸ்டு முதல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிமேல் நின்று குனிந்து பார்த்தால், காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் வரிசையாய் இருக்கின்றன. நம் பெண்கள் சிலர் கண்ணாடிமேல் கால் வைக்க மறுத்துவிட்டார்கள். பயத்தினால் அல்ல. "செத்தவர்கள் தலைக்கு மேலே எப்படி நடப்பது?" என்றார்கள். இறந்தவரோடு தானியத்தையும் பாத்திரங்களையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னபோது, கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுதிரியும் வாங்கிப் போகும் நமக்கு அந்த மனிதர்கள் அவ்வளவு அந்நியராகத் தோன்றவில்லை.

ஆற்றங்கரை வழியே ஏரல் வந்து, அங்கிருந்து கொற்கை. பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர்பெற்ற பட்டணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கிரேக்கர்கள் "கொல்கோய்" என்று எழுதிவைத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகன் எழுதிய கடல்வழிக் குறிப்பில், இங்கே முத்துக் குளிக்கத் தண்டனை பெற்ற கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்று காண்கிறது. இவ்வளவும் கேட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினால், சுற்றிலும் வாழை, நெல், ஒரு குளம். குளத்துக்குள் வெற்றிவேலம்மன் கோயில். ஒரு வன்னிமரம். அதற்கு இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊரார். பக்கத்துச் சிற்றூரின் பெயர் அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் இடம். பெயர் இருக்கிறது, அச்சுக்கூடம் இல்லை. துறைமுகம் என்ற பேச்சு இருக்கிறது, கடல் இல்லை. கடல் அங்கிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது.

பையன்கள் முகம் தொங்கிப்போயிற்று. "இதுதானா சார்?" என்று ஒருவன் கேட்டே விட்டான். வாத்தியார் கோபப்படவில்லை. "இங்கே ஏன் ஒன்றும் இல்லை என்று கேள். அதுதான் கேள்வி," என்று சொல்லி எங்களை மரத்தடியில் உட்காரவைத்தார். அங்கே அவர் சொன்னதை எங்களால் இயன்றவரை திருப்பிச் சொல்லுகிறோம்.

யூபிலி ஆண்டாகிய 2025 இல் உரோமைக்குத் திருயாத்திரை சென்ற நம் பங்கினர் சிலர், அங்கிருந்து ஒருநாள் பயணமாகப் பொம்பேய் நகருக்கும் போய்வந்தார்கள் அல்லவா? அங்குள்ள செபமாலை அன்னையின் பேராலயத்தைக் கட்டிய பர்த்தலோ லோங்கோவுக்கு அதே ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் திருத்தந்தை புனிதர் பட்டம் வழங்கினார். ஆலயத்துக்கு அருகிலேயே பழைய நகரத்தின் இடிபாடுகள், அவற்றுக்கு மேலே வெசூவியஸ் எரிமலை. கி.பி. 79 இல் அந்த மலை வெடித்து, இரண்டு நாளுக்குள் பல அடி உயரத்துக்குச் சாம்பலையும் நுரைக்கல்லையும் கொட்டி ஊரை மூடிவிட்டது. 1748 இல் தோண்டத் தொடங்கினார்கள். ரொட்டிக் கடை, வீதி, சுவரில் தீட்டிய சித்திரம், எல்லாம் இருந்தபடியே இருந்தன. மனித உடல்கள் மக்கிப்போய்ச் சாம்பலுக்குள் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. 1863 இல் பியோரெல்லி என்பவர் அந்த வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றி எடுத்தபோது, முகத்தைக் கையால் மூடியவர் மூடியபடியே வெளிவந்தார். போய்வந்தவர்கள் காட்டிய படங்களை நாமும் பார்த்தோம்.

அந்த எரிமலைக்கும் நம் முத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது வெடித்த நாளில், வளைகுடாவுக்கு அக்கரையில் உரோமைக் கப்பற்படைக்குத் தளபதியாக இருந்தவர் பிளினி. மக்களைக் காப்பாற்றக் கப்பல்களோடு போனவர் கரையிலேயே மாண்டார். அவர் எழுதிவைத்த பெரிய நூலில், விலையுயர்ந்த பொருள்கள் எல்லாவற்றிலும் முத்துக்கே முதலிடம் கொடுத்திருக்கிறார். உரோமைச் சீமாட்டி ஒருத்தி 4 கோடி செஸ்டர்ஸ் நாணயம் பெறுமான முத்தும் மரகதமும் அணிந்து விருந்துக்கு வந்ததைத் தாமே கண்டதாகவும், இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி நாணயம் போய்விடுகிறது என்றும் குறைப்பட்டிருக்கிறார். பொம்பேயில் இந்தியாவில் செதுக்கிய தந்தப் பெண்ணுருவம் ஒன்று 1938 இல் கிடைத்தது. முத்துத் தொங்கும் காதணிகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு முத்தாவது நம் பாரில் எடுத்ததாய் இருக்குமோ என்று ஒரு சிறுமி கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் வாத்தியார்.

அவர் முக்கியமாகச் சொன்னது இதன் பிறகுதான். பொம்பேய் மக்களுக்கு ஓட நேரம் போதவில்லை. ஆகையால் ஊரும் பொருளும் மனிதரும் அங்கேயே நின்றுபோனார்கள். கொற்கையை மூடியது நெருப்பு அல்ல, வண்டல். மலையிலிருந்து தாமிரபரணி ஆண்டுக்காண்டு கொண்டுவந்த மண் முகத்துவாரத்தில் படிந்து படிந்து, துறை தூர்ந்து, கடல் எட்டிப் போயிற்று. எத்தனையோ தலைமுறைகள் ஆயின. கப்பல் வர முடியாத துறையில் வணிகன் இருப்பானா? கடல் தொழில் செய்கிறவன் கடல் இல்லாத இடத்தில் இருப்பானா? வலையையும் தோணியையும் எடுத்துக்கொண்டு கடலின் பின்னாலேயே போனார்கள். எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனதால்தான் கொற்கையில் பார்க்க ஒன்றும் இல்லை! மண்ணுக்கடியில் மிஞ்சியவை உண்டு. 1876-77 இல் ஆயர் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், ஆயினும் இந்த ஊரின் கதையைத் தெளிவாக எழுதியவர் அவரே. 1968-69 இல் தமிழகத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது உறைகிணறும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கிடைத்த கரித்துண்டு ஒன்று ஏறத்தாழ கி.மு. 785 ஐச் சேர்ந்தது என்று கணக்கிட்டார்கள். 2021 இலும் தோண்டினார்கள், செங்கல் கட்டுமானம் தென்பட்டது. ஊரார் தோட்டத்தில் மண்வெட்டி போட்டாலே சங்கும் சிப்பியும் வருகின்றன.

அந்த ஆறு இன்னும் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் அங்கேதான் உணர்ந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு ஏறத்தாழ 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். ஏரலில் பாலம் சேதமுற்றது. ஆற்றோரத்து ஊர்களெல்லாம் தண்ணீருக்குள் நின்றன. தோட்டத்தில் நின்ற ஒரு விவசாயி, அன்றைக்கு வாழை படுத்த இடத்தையும், வெள்ளம் வடிந்தபின் படிந்திருந்த மண்ணின் உயரத்தையும் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். வெசூவியஸ் கடைசியாக 1944 இல் வெடித்தது. நம்முடையது அதற்கு மிகவும் பின்னால், நம் கண்முன் பொங்கியது. காலையிலிருந்து ஆற்றைப் பார்க்கச் சொன்னதன் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கியது.

கொற்கை தூர்ந்தபின் துறைமுகம் காயலுக்கு மாறியது. இன்று பழையகாயல் என்கிறோம். 13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இதை வந்து பார்த்து, ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்ததை எழுதினார். அதுவும் தூர்ந்தது. உப்பளத்தையும் உடைமரத்தையும் பார்த்துவிட்டு, ஆத்தூரில் சாப்பிட்டோம். பெரியவர்கள் வெற்றிலைக் கட்டு வாங்காமல் பஸ் ஏற மறுத்ததால் அரைமணி நேரம் தாமதம். அதை எழுதவேண்டாம் என்றார்கள், எழுதிவிட்டோம்.

பிறகு புன்னைக்காயல். ஆறு கடலில் விழும் இடம். அடுத்த துறை இதுதான். சவேரியார் 1542 இல் வந்து நடந்த கரை. சுவாமி அந்திரிக் அடிகளார் தமிழ் கற்றுத் தமிழில் எழுதிய கரை. அவருடைய தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று. புனிதர்களின் வரலாற்றை அவர் எழுதிய பெரிய நூல் 1586 இல் முத்துக்குளித்துறையிலேயே அச்சாயிற்று. புன்னைக்காயலில்தான் அச்சிட்டார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. கோவிலில் செபமாலை சொல்லிவிட்டு ஆற்று முகத்தில் நின்றோம். மணல்திட்டு குறுக்கே கிடந்தது. படகை வெளியே கொண்டுபோகப் படும் பாட்டை ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கொற்கைக்காரன் என்றோ சொன்ன புகாரைத்தான் அவர்களும் சொல்லுகிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது.

அங்கிருந்து தூத்துக்குடி. வீடு திரும்பிவிட்டோம் என்று பஸ்ஸில் ஒருவர் சொல்ல, "இதுவும் நம் பட்டியலில் அடுத்த ஊர்தானே," என்றார் வாத்தியார். கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி. துறை நாலு, தொழில் ஒன்று. அந்தத் தொழிலும் இப்போது எங்கே? கடைசி முத்துச் சலாபம் 1961 இல் நடந்தது. அதன்பின் பார்களில் போதிய சிப்பி விளையவில்லை. 1973 இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது ஆராய்ச்சியின் வெற்றி, சலாபம் திரும்பவில்லை. துறைமுகத்துக்கு எதிரே விலங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவும் பெருமளவு தேய்ந்துபோய், 2015 முதல் அதைச் சுற்றிச் சிமெண்டுக் கட்டைகளை இறக்கி அலையைத் தடுக்கிறார்கள். நெடுங்காலம் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றி வந்ததே பெருங்காரணம் என்கிறார்கள். கொற்கையில் கடல் விலகியது, இங்கே ஏறுகிறது.

பங்கு மக்களே, 1961 இல் 20 வயதில் குளித்த குளியாள் இன்று 80 ஐத் தாண்டியவர். காலில் கல்லைக் கட்டாமல், கல்லின் மேல் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து, எட்டுப் பாகம் பத்துப் பாகம் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கியவர்கள். கரையில் எந்த மரத்தையும் எந்தக் கோபுரத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பாருக்கு மேல் தோணி நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தோலாயிரம் பார் என்ற பெயரையாவது நம் பிள்ளைகளில் சிலர் கேட்டிருக்கிறார்கள். மற்றப் பார்களின் பெயரைப் பஸ்ஸில் கேட்டோம். ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தப் பெயர்கள் எந்தத் தாழியிலும் கிடைக்கப்போவதில்லை. எந்தத் தொல்லியல் துறையும் இவற்றைத் தோண்டி எடுக்க முடியாது.

ஆகவே பொன்விழாக் குழுவின் அனுமதியோடு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். கோவில் அலுவலகத்தில் கோயில்பிள்ளையிடம் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. வீட்டில் குளியாள், தோணிக்காரர், சிப்பி ஏலத்தில் நின்றவர், சங்கு குளித்தவர் யார் இருந்தாலும், அவர் பெயரையும் எந்த நேரம் வந்தால் பேசுவார் என்பதையும் எழுதிவையுங்கள். இளைஞர் இயக்கத்தார் இரண்டிரண்டு பேராக வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள். காது மந்தமானவர்களுக்குச் சத்தமாய்க் கேட்கத் தெரிந்த பையன்களை அனுப்புவோம். பார்களின் பெயர், கரை அடையாளம், பாட்டு, சண்டை, எதுவானாலும் சரி.

இரண்டாம் பயணத்துக்கு இப்போதே 31 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதலில் திரும்பிப் போன பெரியவரும் அதில் உண்டு. பஸ்ஸில் இன்னும் இடம் இருக்கிறது. குடிதண்ணீரும் தொப்பியும் கொண்டுவாருங்கள், கொற்கையில் அந்த ஒரு வன்னிமரத்து நிழல்தான் இருக்கிறது.