பக்கத்து பெஞ்சுப் பாடம்

கனமான லாரி ஒன்றும் சின்னக் கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன் விசை அதிகம்? லாரிதான் என்போம். ஆனால் இரண்டும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதி. எடை குறைவு என்பதால் கார் தூக்கி வீசப்படுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் இந்த மாதிரிக் கேட்டபோது, பெரிய பெரிய கணக்குகளைப் போட்ட மாணவர்களே தடுமாறினார்கள். 1991-ல் அவர் பாடம் நடத்தும் முறையை மாற்றினார். நடுவில் ஒரு கேள்வி. ஆளாளுக்கு யோசித்து, கையில் இருக்கும் 'கிளிக்கர்' பொத்தானை அழுத்த வேண்டும். (ஆரம்பத்தில் வெறும் அட்டைதான்.) யார் எதை அழுத்தினார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது, கூச்சப்படும் பிள்ளைக்கு எவ்வளவு நிம்மதி! விடைகள் பிரிந்திருந்தால் பேராசிரியர் வாய் திறக்க மாட்டார். "பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்" என்பார். வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். மறுபடி அழுத்தும்போது சரியான விடை பெரும்பாலும் கூடியிருக்கும். காரணம், இப்போதுதான் புரிந்துகொண்டவருக்கு எங்கே இடறும் என்பது நினைவிருக்கிறது. பல வருடம் கற்பித்தவருக்கு அது மறந்துபோகிறது.

கிளிக்கர் வாங்க வசதியில்லையா? 'பிளிக்கர்ஸ்' என்றொரு செயலி உண்டு. பிள்ளைகள் அச்சிட்ட அட்டையை விடைக்கேற்பத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியரின் ஒரே கைபேசி அத்தனையையும் படித்துவிடும்.