‘சர்ச்சை’ என்னும் திரை

(கட்சி உறுப்பினர் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஒரு செய்தி மக்களை ஏமாற்றுவதற்குப் பொய்த் தகவல் தேவையில்லை. பொருந்தாத ஒரு சொல்லே போதும். இதற்குக் கர்நாடகத்தின் மேல்கோட்டையை எடுத்துக்கொள்வோம். இராமானுசர் வாழ்ந்த திருநாராயணபுரம் என்று தமிழர் அறிந்த ஊர் அது. அங்குள்ள செலுவநாராயண சுவாமி கோயிலின் மாலை வழிபாட்டிற்குத் திப்பு சுல்தான் காலத்தோடு தொடர்புடைய ‘சலாம் ஆரத்தி’ என்ற பெயர் வழங்கிவந்தது. 2022 டிசம்பரில் அன்றைய பாஜக அரசு அதனை ‘ஆரத்தி நமஸ்காரம்’ ஆக்குவதாக அறிவித்தது.

‘பெயர் மாற்றம்’ என்றே செய்திகள் இதனைக் குறித்தன. சடங்கு மாறவில்லை, பிறகு எது அகற்றப்பட்டது? ஒரு முஸ்லிம் மன்னருக்கும் இந்துக் கோயிலுக்கும் இருந்த உறவின் அடையாளம் அகற்றப்பட்டது. திப்பு இக்கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் வழங்கியவர். 1791இல் மராத்தியப் படையினர் சூறையாடிய சிருங்கேரி மடத்தைச் சீரமைக்கப் பொருளுதவி செய்தவர். இவற்றை விடுத்து ‘பெயர் மாற்றம்’ என்று மட்டும் எழுதினால், வகுப்புவாத அரசியல் வெறும் நிர்வாக நடவடிக்கையாகத் தோற்றமளிக்கிறது.

அடுத்த சில மாதங்களில் இதனினும் பெரிய புரட்டு அரங்கேறியது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர் திப்பு. ஆனால், உரி கவுடா, நஞ்சே கவுடா என்னும் இருவரே அவரைக் கொன்றனர் என்று பாஜக தலைவர்கள் பேசினர். 2023 மார்ச்சில் பிரதமரின் மண்டியா வருகையின்போது அப்பெயர்களில் வரவேற்பு வளைவே எழுந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் பெயர்கள் அகற்றப்பட்டன. இத்தகைய வேளையில் ‘திப்பு மரணம் குறித்துச் சர்ச்சை’ என்று எழுதுவது நடுநிலையாகாது. ஆதாரமுள்ள வரலாற்றையும் ஆதாரமற்ற கூற்றையும் அது சம எடையாக்குகிறது. தேர்தலை முன்னிட்டு ஒக்கலிகர்களையும் முஸ்லிம்களையும் மோதவிடும் முயற்சி அதனால் மறைகிறது.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். திப்பு தம் முன்னோரைக் கொன்றதாகக் கூறி, நரக சதுர்த்தசியைக் கொண்டாடாத மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் மேல்கோட்டையில் உண்டு. அதனைக் ‘கட்டுக்கதை’ என்று ஒரே சொல்லால் நாம் தள்ளிவிடலாகாது. அது அக்குடும்பங்களின் மரபு நினைவு என்றும், அதற்கான சான்றுகள் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும் எழுத வேண்டும். திப்பு மன்னர், மன்னராட்சிக்குரிய கொடுமைகளை மறைப்பது நம் பணியன்று.

தமிழகத்திற்கும் இது புதிதன்று. நிலவுடைமையாளர் சங்கத்தில் சேர மறுத்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் உயிரோடு எரிக்கப்பட்டனர். அதனைக் ‘கூலித் தகராறு’ என்று சுருக்கினால் கொன்றவரும் மறைகிறார்; கொல்லப்பட்டவரும் குற்றத்தில் பங்காளியாகிறார். தலித் குடியிருப்பு தாக்கப்படும்போது ‘இரு தரப்பினர் மோதல்’ என்று எழுதுவதும் இத்தகையதே.

எனவே தோழர்களே, ஒரு செய்தியைக் கிளைக் கூட்டத்தில் வாசிக்கும்போது மூன்று கேள்விகளை எழுப்புங்கள். செய்தவர் யார்? பாதிக்கப்பட்டவர் யார்? சொல்லப்படுவதற்கு ஆதாரம் என்ன? நாம் எழுதும் துண்டறிக்கையும் சுவரொட்டியும் முதலில் இக்கேள்விகளுக்கு விடை கூறட்டும். அப்போதுதான் பிறரின் சொற்களை விசாரிக்கும் தகுதி நமக்கு உண்டாகும்.