முதுமையும் பல் மருத்துவமும்

(அறக்கட்டளை விழாவையொட்டி நடைபெற்ற மூத்தோர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் பழமொழி. பல்லும் இதழும் பொருந்த வகர ஒலி பிறக்கும் எனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் இலக்கணம் வகுக்கிறது. தமிழாசிரியன் ஒருவன் பல்லைப் பற்றிப் பேச இவ்வளவு உரிமை போதும் என எண்ணுகிறேன். மருத்துவம் என் துறையன்று. எனினும், முதியவர் ஒருவரின் பல்லை நீக்குவதா, காப்பதா என்பதைப் பல் மருத்துவர் எவ்வாறு தீர்மானிக்கிறார் என்று அறிந்துகொண்டால், அம்முடிவில் நமக்குள்ள பங்கும் விளங்கும்.

நம் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் வழங்குகின்றன. “இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்?” என்பது பெரியவர் பேச்சு. “எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல் செட் வைத்துவிடுங்கள், டாக்டர்” என்பது பிள்ளைகள் பேச்சு. இரண்டும் வயதை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. நல்ல மருத்துவரின் கணக்கு இதனினும் விரிந்தது.

78 வயதுள்ள ஒரு மூதாட்டியை எண்ணிக்கொள்வோம். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி வலிக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. இதய நோய்க்காக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்கிறார். எலும்புத் தேய்மானத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார். மருத்துவர் பல்லைப் பார்த்த கையோடு அவருடைய மருந்துச் சீட்டைக் கேட்பது ஏன்?

முதலாவது, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை. பல் எடுக்கப் போகிறோமே என்று பலர் தாமாகவே அதனை நிறுத்திவிடுகின்றனர். அதனால் மாரடைப்போ பக்கவாதமோ நேரலாம். ஓரிரு பற்களை எடுப்பதற்குப் பெரும்பாலும் அம்மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. பஞ்சு வைத்து அழுத்தியும் தையலிட்டும் குருதிக் கசிவை நிறுத்திவிட இயலும். வார்ஃபரின் உண்பவர்க்கு ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை முன்னதாகச் செய்வர். எதையும் இதய மருத்துவரைக் கலந்தே முடிவு செய்வர்.

இரண்டாவது, எலும்புக்கான ஊசி. இவ்வகை மருந்துகள் சிலவற்றைப் பெற்றவர்க்குப் பல் எடுத்த குழி ஆறாமல், தாடை எலும்பு வெளித்தெரிந்து அழுகக்கூடும். 2003ஆம் ஆண்டிலிருந்து மருத்துவ உலகம் இதனைக் கவனித்து வருகிறது. எலும்புத் தேய்மானத்துக்காகப் பெறுவோரிடம் இது அரிதே. புற்றுநோய்க்காக மிகுந்த அளவில் பெறுவோரிடம் சற்று மிகுதி. ஆகவே நம் மூதாட்டிக்குப் பல்லைப் பிடுங்குவதைவிட, வேர்ச்சிகிச்சை செய்து காப்பதே தக்கதாகலாம். அத்தகைய ஊசியைத் தொடங்கும் முன்பே பற்களைச் சீர்செய்துகொள்வது இன்னும் நன்று.

மூன்றாவது, சர்க்கரை. அது கட்டுக்குள் இல்லையெனில் புண் ஆறத் தாமதமாகும். ஈறு நோய் முற்றினாலோ சர்க்கரையும் கட்டுக்கு அடங்காது. சர்க்கரை நோயாளர் உணவும் மருந்தும் வழக்கம்போல் உட்கொண்டே பல் எடுக்கச் செல்ல வேண்டும். ஆதலால் நோன்பு நாளில் அதற்கு நேரம் குறிக்க வேண்டா.

நான்காவது, உமிழ்நீர். இரத்தக் கொதிப்பு, மனச்சோர்வு முதலியவற்றுக்கான மருந்துகள் பல வாயை உலரச் செய்கின்றன. முதுமையில் ஈறு இறங்குவதால் பல்லின் வேர் வெளிப்படுகிறது. வேருக்கு எனாமல் என்னும் காப்பு இல்லை. காப்பற்ற வேரும் உலர்ந்த வாயும் சேர்ந்தால் சொத்தை விரைந்து பரவும்.

உடல்நிலையை அறிந்தபின் மருத்துவர் வாழ்க்கை நிலையை வினவுகிறார். நெடுநேரம் வாய் திறந்து படுத்திருக்க இயலுமா? பலமுறை அழைத்து வர ஆள் உண்டா? கையில் பிரஷ் பிடிக்க வலு உண்டா? விடைகளுக்கேற்பச் சிகிச்சை மாறுகிறது. படுக்கையில் இருப்பவர்க்கு இயந்திரம் இன்றிக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைப்பதும் உண்டு. சில்வர் டையமின் ஃபுளோரைடு என்னும் மருந்தைத் தடவுவதும் உண்டு. அது சொத்தைப் பகுதியைக் கருமையாக்கும். ஆனால் சொத்தை பரவுவதைத் தடுக்கும்.

இழந்த பல் ஒவ்வொன்றுக்கும் மாற்றுப்பல் வேண்டுமா? நெதர்லாந்து அறிஞர் கைசர் 1981இல் ஒரு கருத்தை முன்வைத்தார். முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களுமாக மேலும் கீழும் பொருந்தும் 20 பற்கள் இருந்தால் முதியோர் பலர்க்கு அதுவே போதும் என்றார். ஜப்பான் 1989இல் ‘80 வயதில் 20 பற்கள்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அவ்வயதையொட்டியோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்நிலையை எட்டியிருந்தனர். முதுமை வந்தால் பல் போகத்தான் வேண்டும் என்பது விதியன்று என்பதற்கு இது சான்று.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு வினா உண்டு. “அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?” ஒருவருக்கு வலி நின்றால் போதும். மற்றொருவருக்கு முறுக்கைக் கடித்துத் தின்ன வேண்டும். இன்னொருவருக்குப் பேத்தி திருமணத்தில் வாயை மூடிக்கொள்ளாமல் சிரிக்க வேண்டும். இவ்வினாவுக்குப் பிள்ளைகள் முந்திக்கொண்டு விடையளித்துவிடுகின்றனர். செவி மந்தமாயினும் சொல் தடுமாறினாலும் பெரியவரே விடை சொல்லட்டும், நாம் பொறுத்திருப்போம். அவர் வாய்க்குள் நடப்பதற்கு அவர் இசைவு வேண்டும் அன்றோ? நினைவு மங்கத் தொடங்கியவர் என்றால், தம் விருப்பத்தைத் தாமே சொல்லக்கூடிய காலத்திலேயே பற்களைச் சீர்செய்துவிடுவது நன்று.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். மருத்துவரிடம் செல்லும்போது எல்லா மருந்துச் சீட்டுகளையும் கொண்டு செல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை போடும் ஊசியையும் மறவாமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தாதீர்கள். பல் செட் அணிவோர் இரவில் அதனைக் கழற்றித் தூய நீரில் இட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் வாயில் இருப்பின், ஒரு பல்லும் இல்லாதவராயினும் உடனே காட்டுங்கள். “இச்சிகிச்சை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி உண்டா?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.