கோண்டாவில் ஸ்ரேசனுக்கு லைற் போட்ட கதை
(எமது சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகினவன் இல்லை. ஏ.எல். எடுத்ததோடு படிப்பு முடிஞ்சுது. இப்ப பக்டறியில் மெசினோடதான் பேச்சு. வாசல் மேசையில் இருக்கிற குட்டி ஸ்ரேசனைப் பற்றிச் சொல்லும்படி செயலாளர் அண்ணை கேட்டதால் வந்து நிற்கிறேன்.

ஜேர்மன்காரருக்கு இது பெரிய பொழுதுபோக்கு. ஹம்பேர்க்கில் 2001 இல் திறந்த மினியாத்தூர் வுண்டர்லாண்டை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். எல்லாம் 87 இல் ஒரு பங்கு அளவு. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அங்கே பொழுதுபட்டு விடியும். பிள்ளைகள் பசிக்குது என்று அழுத பிறகும் நான் அந்த இரவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் ஆசை பிடித்தது.

அப்பாவின் வயதுக்காரருக்கு யாழ்தேவி, மெயில் றெயில் என்று கதை இருக்கு. எனக்கு இல்லை. 1990 இல் வடக்குக்கு றெயில் நின்றபோது நான் கைக்குழந்தை. 2014 ஒக்டோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது நான் இங்கே. நான் அறிந்த கோண்டாவில் ஸ்ரேசன் ஆடு மேயிற இடம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயிட்டுது. ஆகவே நான் காணாத ஸ்ரேசனை அப்பாவிடம் போனில் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினேன்.

கடையில் பைன் மரம் பைக்கற்றில் விற்கும், பனை விற்காது. 20 மீற்றர் பனை இந்த அளவில் 23 சென்ரிமீற்றர். இறைச்சி குத்துற மூங்கில் குச்சியில் நூல் சுற்றி, பசை பூசி, கருஞ்சாம்பல் நிறம் அடித்து, ஓலையைக் கடதாசியில் விசிறிபோல வெட்டி ஒட்டினேன். ஒரு பனைக்கு ஒரு பின்னேரம் போகும். செம்மண்ணுக்குப் பழைய பூச்சாடியை இடிச்சு, தேத்தண்ணி வடியால் அரிச்சு எடுத்தேன். ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தண்ணியில் கரைத்து, கோப்பை கழுவுற சோப்பு ஒரு துளி விடவேணும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் ஊறாமல் உருண்டு ஓடும்.

இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் 1676 மில்லிமீற்றர். கணக்குப்படி எனக்கு 19 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட வரவேணும். கடைத் தண்டவாளம் 16.5. இதை அப்பாவுக்குச் சொல்லவில்லை.

கரைச்சல் எல்லாம் லைற்றில்தான். எல்ஈடிக்கு 3 வோல்ற் போதும், வருவது 12. இடையில் 1000 ஓம் றெசிஸ்ரர் போட்டேன். அறையை இருட்டாக்கிப் பார்த்தால் ஸ்ரேசன் நல்லூர்த் திருவிழா மாதிரி! மட்டைச் சுவரெல்லாம் வெளிச்சம் ஊடுருவுது, மூலைகளால் ஒழுகுது. உட்புறம் கறுப்பு பெயின்ற் இரண்டு தரம் அடித்து, றெசிஸ்ரரை 10,000 ஓமுக்கு மாற்றினேன். அப்பதான் அது ஊர் வெளிச்சமாச்சு.

வீடியோ எடுத்து அனுப்பினேன். “மேடையில இரண்டு லைற்தானே இருந்தது, ஏன் ஆறு போட்டனி?” என்றார் அப்பா. நாலைக் கழற்றினேன்.

வேலிக்கு அங்காலே எங்கட வீடு. அதுக்குள் ஒரு எல்ஈடிக்குச் செம்மஞ்சள் பூசி, 47,000 ஓம் போட்டு, ஜாம் போத்தில் விளக்கு ஒன்று வைத்தேன். கறண்ட் இல்லாத காலத்தில் அந்த வெளிச்சத்திலதான் நான் அ, ஆ எழுதினது.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, “றெயில் ஓடேக்க எங்களுக்குக் கறண்ட் இருந்ததடா. இந்த விளக்கு வந்தது றெயில் நின்ற பிறகு. இரண்டும் ஒரே இரவில எப்படி எரியும்?” என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு கிழமை யோசித்தேன். விளக்கைக் கழற்ற மனம் வரவில்லை. கடைசியில் இருபக்கம் போகிற சுவிச் ஒன்று பூட்டினேன். ஒரு பக்கம் தட்டினால் ஸ்ரேசனும் றெயில் பெட்டி யன்னல்களும் எரியும், றெயில் ஓடும், வீட்டு விளக்கு அணையும். மறுபக்கம் தட்டினால் எல்லாம் இருட்டு, அந்த விளக்கு மட்டும் எரியும்.

திரும்பவும் வீடியோ அனுப்பினேன். அப்பா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “விளக்கைக் கொஞ்சம் யன்னலுக்குக் கிட்ட வை. கொம்மா அங்கதான் வைக்கிறவ” என்றார்.

வைத்திருக்கிறேன். சுவிச் மேசையின் இடப்பக்கம் இருக்கு. பிள்ளைகள் வந்து தட்டிப் பார்க்கலாம். வலப்பக்கத்துப் பனைகளை மட்டும் பிடிக்க வேண்டாம், பசை இன்னும் காயவில்லை.