பிள்ளையின்மை ஒரு வருத்தமோ?

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



காப்புறுதியைப் பற்றிப் பேசுவேன் என்று அறிவித்ததும் சிலர் பின்வரிசையை நாடினர். முகவர் ஒருவர் வந்துவிட்டார் என அஞ்சினர் போலும்! அஞ்ச வேண்டாம். யான் விற்க வரவில்லை. கொடுக்க மறுத்த பணத்தைக் கேட்டுப் பெற்ற கதையொன்றைச் சொல்லவே வந்தேன்.

பேலியகொடை மீன் சந்தைக்கு அண்மையில் ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதுபவர் என் நண்பர். மணமாகி ஏழாண்டுகளாகியும் பிள்ளையில்லை. மனைவிக்கோ மாதந்தோறும் தாங்கொணா வலி. உறவினர் சஷ்டி விரதம் பிடிக்கச் சொன்னார்கள். அந்த அம்மையார் பிடித்தார். வலி நிற்கவில்லை. ஈற்றில் வைத்தியர் லப்பரஸ்கொப்பி செய்து, கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் வெளியே வளர்ந்திருந்ததைக் கண்டு அகற்றினார். கந்தோர் எடுத்துக்கொடுத்த கூட்டுக் காப்புறுதியிற் பணம் கோரினார் நண்பர். "மகப்பேறின்மைச் சிகிச்சைக்குக் கொடுப்பனவில்லை" என்று இரண்டு வரியிற் பதில் வந்தது. நேரிற் போய்க் கேட்டவரிடம், மேசையிலிருந்தவர், "பிள்ளையில்லாதது ஒரு வருத்தமோ, அண்ணை?" என்றாராம்.

நாம் நோயையும் வருத்தமென்போம், துயரையும் வருத்தமென்போம். அந்தக் கேள்வி இரண்டு விதத்திலும் சுட்டது.

கடதாசிகளை எடுத்துப் பார்த்தோம். வைத்தியசாலைச் சீட்டின் முதல் வரியில் மகப்பேறின்மை என்றும், இரண்டாம் வரியில் நோயின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. கம்பனியார் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டனர். வலிக்காகச் செய்த சத்திரசிகிச்சை அது. மணமாகாத பெண்ணுக்கும் அந்நோய் வரும். இதையே வைத்தியரிடம் எழுத்தில் வாங்கி, எந்த வாசகத்தின்படி மறுத்தீர்கள் எனக் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பணம் வந்தது. பின்னர் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சைக்குக் கோரியபோது தோற்றோம். அதற்கு இடமில்லை என்று பத்திரத்திலேயே தெளிவாக இருந்தது. இந்த வேற்றுமையை வாலிபர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் அயோவா மாநில உயர் நீதிமன்றம் 1988 இல், மகப்பேறின்மை நோயே எனத் தீர்த்துக் காப்பை வழங்கச் செய்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு தம்பதியருக்கு வேறுவிதமாக முடிந்தது. குறை கணவரிடத்தே. (நம்மவரோ எப்போதும் பெண்ணையே மலடி என்பர்!) விந்தணுவை ஊசியால் முட்டையினுட் செலுத்தும் சிகிச்சைக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி பணம் தரவில்லை. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றப் பெரும்பான்மையினர், மகப்பேறின்மை ஓர் இயலாமை, மறுத்தது பாரபட்சமே என்றனர். ஆயினும் அரசின் பணம் அளவுடையது, ஆதலின் அது பொறுக்கத்தக்கது என்றனர். நியாயம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

அயலில் இந்தியாவைப் பாருங்கள். மத்திய அரசு தன் ஊழியருக்குரிய சுகாதாரத் திட்டத்தில், 2011 ஆம் ஆண்டின் உத்தரவுப்படி, சோதனைக்குழாய் முறைக்குச் சுழற்சியொன்றுக்கு 65,000 இந்திய ரூபா வரை, மூன்று சுழற்சிகளுக்கு ஈடு செய்ய ஏற்பாடு செய்தது. ஆனால் அங்குள்ள காப்புறுதி ஒழுங்குமுறை அதிகாரசபை 2019 இல் வகுத்த விலக்கு வாசகங்களில், மகப்பேறின்மைச் சிகிச்சையைத் தள்ளிவைக்கும் வாசகமும் ஒன்று. அரசு ஊழியருக்கு ஒரு நீதி, ஏனையோருக்கு வேறொன்று!

நம் நாட்டில் மறுப்புக் கடிதம் வந்தால் முதலிற் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கு தீராவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2005 இல் தொடங்கிய அச்சேவைக்குக் கட்டணமில்லை. ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். ஆனால் பத்திரத்தில் விலக்கு தெளிவாயிருந்தால் இவர்களாற் பெரிதாக எதுவும் செய்தற்கில்லை. அதற்குரிய இடம் உங்கள் கந்தோர். கூட்டுக் காப்புறுதி புதுப்பிக்கப்படும் முன் முதலாளியிடம் அந்த வாசகத்தை நீக்கக் கேளுங்கள். பிள்ளை பெற்றவர்கள் கேட்டால் இன்னும் நல்லது. இல்லாதவர் வாய் திறக்கக் கூசுவர்.

நண்பரின் களஞ்சியத்தில் பதினான்கு பேர் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. அதன் பிரதியொன்றைச் செயலாளரிடம் கொடுத்துள்ளேன். வேண்டியவர் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.